ஐயமும் கிராமமும்: ‘ஹிகுராஷி’ காட்சி நாவலின் வரலாற்றுக் களம்

2002ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ரோக்கியோ நகரிலே கூடிய கொமிக் சந்தையில் ஓர் இறுவட்டு விற்பனைக்கு வைக்கப்பட்டது. 1975 டிசெம்பரில் தொடங்கிய இச்சந்தை, பதிப்பகங்களின் துணையின்றித் தாமே எழுதித் தாமே வரைந்து தாமே விற்கும் ஆர்வலர்களின் களமாகும். இறுவட்டில் இருந்தது ‘ஹிகுராஷி நோ நாகு கோரோ நி’ என்னும் தொடரின் முதற் பாகம். அந்திச் சில்வண்டு கரையும் பொழுதில் என்று இத்தலைப்பினைத் தமிழிற் கூறலாம். கதையை எழுதியவரும் படங்களை வரைந்தவரும் ஒருவரே. ரியூகிஷி 07 என்பது அவரது புனைபெயர். அதன் பின்னர் கோடைச் சந்தையையும் மாரிச் சந்தையையும் ஒட்டிப் பாகங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. 2006 ஓகஸ்டில் எட்டாம் பாகத்துடன் தொடர் முற்றுப்பெற்றது. விளம்பரம் எதுவுமின்றி வாசகர் வாய்மொழியாலேயே பரவிய இந்நூல், அந்நான்கு ஆண்டுகளுக்குள் யப்பானிய இளைஞரிடையே மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட கதைகளுள் ஒன்றாயிற்று.

காட்சி நாவல் என்பது கணனித் திரையில் வாசிக்கப்படும் கதை. திரை முழுவதையும் ஒரு பின்னணிக் காட்சி நிரப்பி நிற்கும். அதன்மீது பாத்திரங்களின் உருவங்கள் தோன்றி மறையும். அவற்றின்மேல் எழுத்து வரிவரியாக விரியும். இசையும் ஓசையும் உடன்செல்லும். வாசகர் விசையை அழுத்த அழுத்தக் கதை நகரும். இலக்கிய ஆய்வாளர் பலர் இதனை விளையாட்டு என ஒதுக்கிவிடுவர். விளையாட்டை ஆராய்வோரோ இதில் விளையாட்டு இல்லையென்று விலகுவர். இரு சாராராலும் கைவிடப்பட்ட இவ்வடிவத்திலே, போருக்குப் பிந்திய யப்பானியக் கிராமத்தின் வரலாறு ஒன்று பதிவாகியுள்ளமை கவனத்திற்குரியது. ‘ஹிகுராஷி’யின் அச்சம் பேய்களிடமிருந்து பிறப்பதன்று. ஒரு போராட்டத்தில் வென்ற சமூகம், அவ்வெற்றிக்காகத் தன்னுள் வளர்த்துக்கொண்ட ஐயத்தைப் பின்னர் களையமுடியாது தவிப்பதிலிருந்தே அது பிறக்கின்றது. அந்த ஐயத்தை வாசகரின் உள்ளத்திலும் ஊன்றிவிடுமாறு எழுத்தும் ஓவியமும் அமைந்திருப்பதே இந்நூலின் தனிச்சிறப்பாகும்.

வடிவத்தின் வரலாற்றை முதலிற் சுருக்கமாக நோக்கலாம். 1983இல் ஹொரீ யூஜி ஆக்கிய ‘போர்ட்டோப்பியா தொடர்கொலை வழக்கு’ கணனியிலே துப்பறியும் கதையைச் சொல்லும் வழியை யப்பானியருக்குக் காட்டிற்று. 1992இல் சுன்சொஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ‘ஒத்தொகிரிசோ’ எழுத்தைத் திரை முழுவதும் பரப்பி, ஓசையைக் கதையின் பகுதியாக்கி, ‘ஒலி நாவல்’ என்னும் பெயரைப் பெற்றது. அதே நிறுவனத்தின் ‘கமாயிதாச்சி நோ யோரு’ (1994), துப்பறியும் நாவலாசிரியரான அபிக்கோ தக்கேமாரு எழுதியது. அதில் மனித உருவங்கள் யாவும் நிழலுருவங்கள், முகம் இல்லை. பனிப்புயலிற் சிக்குண்ட விடுதியில் எவர் கொலையாளி என்பதை முகமற்ற நிழல்களிடையே வாசகர் தேடவேண்டும். படத்திலே எதனைக் காட்டாது விடுவது என்பதும் கதைசொல்லும் முறையே என்பதை இவ்வடிவம் தன் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டது எனலாம்.

1996இல் லீஃப் நிறுவனம் ‘ஷிசுக்கு’ என்னும் ஆக்கத்தை வெளியிட்டபோது ‘காட்சி நாவல்’ என்னும் பெயரைத் தன் வரிசைக்குச் சூட்டியது. பள்ளி வாழ்வின் சலிப்பில் உலகின் அழிவைக் கற்பனைசெய்யும் மாணவன் ஒருவனின் உள்ளத்தினூடாகச் செல்லும் இருண்ட கதை அது. அதற்கு முந்திய ஆண்டாகிய 1995, சனவரியிற் கோபே நிலநடுக்கத்தையும் மார்ச்சில் ரோக்கியோ சுரங்கப் புகையிரதத்தில் நச்சுவாயுத் தாக்குதலையும் கண்ட ஆண்டாகும். அருகில் அமர்ந்திருப்பவரை நம்பலாமா என்ற வினா அன்றாட வாழ்வினுள் நுழைந்துவிட்ட காலத்திலேயே உளவியற் காட்சி நாவல் உருப்பெற்றது. இரண்டையும் நேர்க் காரணகாரியமாகப் பிணைத்துவிடுதல் எளிது. ஆயின் அத்தகைய எளிய பிணைப்பைத் தவிர்த்து, காலத்தின் காற்று இரண்டிலும் வீசியது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே தகும்.

‘ஹிகுராஷி’யின் கதை 1983 யூன் மாதத்தில், மலைகளிடையே அமைந்த ஹினாமிஸாவா என்னும் கற்பனைக் கிராமத்தில் நிகழ்கிறது. நகரிலிருந்து பெற்றோருடன் குடிவந்த மாயெபாரா கெய்ச்சி என்ற சிறுவன், எல்லா வகுப்பினரும் ஒரே அறையிற் படிக்கும் சிற்றூர்ப் பள்ளியிற் சேருகிறான். ரேனா, மியோன், சத்தோகோ, ரிக்கா என்னும் தோழியர் கிடைக்கின்றனர். முதற் பாகத்தின் பெரும்பகுதி இவர்களது விளையாட்டும் பகடியுமே. பொறுமையற்ற வாசகர் இவ்விடத்தில் நூலை மூடிவிடக்கூடும். அவ்வளவு நீளமாக ஆசிரியர் இன்பத்தை அளக்கிறார். பின்னரே, ஊரின் கோயில் விழாவாகிய பஞ்சு மிதக்கவிடும் இரவிலே 1979 தொடங்கி ஆண்டுதோறும் ஒருவர் இறப்பதும் ஒருவர் காணாமற்போவதும் நிகழ்ந்து வருவதைக் கெய்ச்சி அறிகிறான். ஊரவர் அதனை ஒயாஷிரோ என்னும் காவல் தெய்வத்தின் சாபம் என்பர். இறந்தோர் யாவரும் ஊரை மூழ்கடிக்கவிருந்த அணைத் திட்டத்துடன் ஏதோவொரு வகையில் தொடர்புற்றோர். தோழியரிடம் வினவினால் அப்படி எதுவும் நிகழவில்லை என்கின்றனர்.

அவர்கள் பொய்யுரைப்பதைக் கண்டுகொண்ட கணத்திலிருந்து கெய்ச்சியின் உலகம் சரிகிறது. ஒவ்வொரு புன்னகையும் திட்டமாகிறது. ஒவ்வொரு விசாரிப்பும் வேவாகிறது. நோயுற்றுக் கிடக்கும் அவனுக்குத் தோழியர் இருவர் இனிப்பு உருண்டைகள் கொண்டுவருகின்றனர். அவற்றுள் ஒன்றைக் கடித்த அவன் வாயில் ஊசியொன்று குத்துகிறது. உருண்டையைச் சுவரில் வீசியெறிகிறான். ஈற்றில் அவர்கள் தன்னைக் கொல்ல வந்தனர் என்றெண்ணி, பந்தடிக்கும் மட்டையால் அவ்விருவரையும் கொன்றுவிடுகிறான். நடந்தவற்றை எழுதிச் சுவர்க் கடிகாரத்தின் பின்னே ஒட்டிவைத்துவிட்டு ஓடி, ஒரு தொலைபேசிக் கூண்டினுள் தன் கழுத்தைத் தானே கீறி இறக்கிறான். கதை யாவும் அவன் வாய்மொழியாகவே சொல்லப்படுவதால், வாசகரும் அவனோடு சேர்ந்து ஐயுற்று, அவனோடு சேர்ந்து அஞ்சி, அவனது கொலைக்கு உள்ளூர உடன்பட்டிருப்பார். விசையை அழுத்தியது வாசகரின் விரல் அல்லவா?

இவ்வைய உணர்வு வானத்திலிருந்து விழுந்ததன்று. போரின் பின்னர் யப்பான் மின்வலு இன்றித் தவித்தது. 1952இல் மின்வள அபிவிருத்தியைத் துரிதப்படுத்தும் சட்டம் நிறைவேற்றப்பட்டு, அரசின் முதலீட்டுடன் மின்வள அபிவிருத்திக் கம்பனி நிறுவப்பட்டது. மத்திய மலைப்பகுதிகளின் ஆறுகள் மறிக்கப்பட்டன. பள்ளத்தாக்குக் கிராமங்கள் பல நீரில் மூழ்கின. நாட்டின் நலனுக்கு முன்னே ஓர் ஊரின் நலன் எம்மாத்திரம் என்பது அன்றைய ஆட்சியாளர் வாதம். கிராமத்தவர்க்கோ நிலம் என்பது விலை குறிக்கத்தக்க பொருளாக மட்டும் இருக்கவில்லை. முன்னோர் புதைகுழியும் கோயிலும் நீரடியிற் போவதற்கு எவ்வாறு நட்டஈடு கணிப்பது?

கிஃபு மாநிலத்தில், ஷோ ஆற்றின் குறுக்கே அமைந்த மிபோரோ அணை இவ்வரலாற்றிற் சிறப்பிடம் பெறுவது. 131 மீற்றர் உயரமுள்ள இப்பாறை நிரப்பணை 1957இல் தொடங்கப்பட்டு 1961இல் நிறைவெய்தியது. ஷோகாவா, ஷிராகாவா ஆகிய இரு கிராமங்களின் நிலம் அதனுள் அமிழ்ந்தது. இருநூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. இதனை எதிர்த்து 1953இல் ஊரவர் அமைத்த சங்கத்தின் பெயரில் ‘ஷிஷு’ என்ற சொல் இடம்பெற்றது. உயிரை ஈந்தேனும் காத்தல் என்பது அதன் பொருள். ஏழாண்டுகள் போராடிய அச்சங்கம் 1959இற் கலைந்தது. கம்பனியின் முதற் தலைவராயிருந்த தகாசாகி தத்சுனோசுகேயின் முயற்சியால், மூழ்கவிருந்த இரு கோயில்களின் முதுபெரும் சேர்ரி மரங்கள் 1960இல் வேருடன் எடுக்கப்பட்டு மேட்டில் நடப்பட்டன. நீர்த்தேக்கக் கரையிலே அவை தழைத்துப் பூத்ததைக் கண்டு நாடு நெகிழ்ந்தது. மரங்களுக்கு நேர்ந்த மறுவாழ்வைப் பாடியவர்கள், சிதறிப்போன குடும்பங்களைப் பற்றி அவ்வளவு பாடவில்லை.

மிபோரோவின் மக்கள் தோற்றனர். தெற்கே சிக்குகோ ஆற்றுப் பகுதியில் முரோஹாரா தொமோயுகி என்பவர், அணைக்கென ஒதுக்கப்பட்ட மலைச்சரிவில் ‘குளவிக்கூட்டுக் கோட்டை’ எனப் பெயர்பெற்ற குடிசைகளை அமைத்துப் பல்லாண்டுகள் எதிர்த்தார். அவரது வழக்குகள் எண்ணற்றவை. அவர் 1970இல் மறைந்தார். அணையும் எழுந்தது; எனினும் அத்தகைய எதிர்ப்புகளின் பயனாக, நீரேந்து பிரதேச மக்களின் நலனுக்கான தனிச்சட்டம் 1973இற் பிறந்தது. இவ்வரலாற்றின் பின்னணியிலே நோக்குமிடத்து, ரியூகிஷி 07 கற்பனையிற் செய்த மாற்றம் துலக்கமாகும். அவரது ஹினாமிஸாவா வென்ற கிராமம். அங்கும் ஒரு சங்கம் இருந்தது; அதன் பெயர் ‘ஒனிகாஃபுச்சி ஷிஷு தோமே’. மிபோரோவின் அதே ‘ஷிஷு’ இங்கும் இடம்பெறுவதைத் தற்செயல் என்று கருதுவது கடினம். மறியல், மனு, மாநகருக்குப் பேரணி என அனைத்தையும் கையாண்டு அச்சங்கம் திட்டத்தை நிறுத்துவித்தது. 1978இல் நிகழும் நான்காம் பாகத்திலே, நிர்மாண அமைச்சரின் பேரன் கடத்தப்பட்டதை விசாரிக்க ரோக்கியோவிலிருந்து வரும் இளம் பொலிஸ் அதிகாரியின் கண்களினூடாக அப்போராட்டத்தின் உச்சத்தை வாசகர் காண்கின்றனர்.

வெற்றிக்கு ஒற்றுமை வேண்டும். ஒற்றுமைக்குத் துரோகி ஒருவன் வேண்டும் என்பது பல போராட்டங்களின் துயரமான நியதி. ஹினாமிஸாவாவில் அத்துரோகப் பட்டம் ஹோஜோ குடும்பத்தின்மேல் விழுந்தது. நட்டஈட்டைப் பெற்று வெளியேறுவதே நன்று என்று வெளிப்படையாக வாதிட்டவர்கள் அவர்கள். அவர்களை ஊர் ஒதுக்கிவைத்தது. யப்பானிய மொழியில் இவ்வழக்கத்திற்கு ‘முராஹாசிபு’ என்று பெயர். ஊரவர் ஒருவருக்கொருவர் உதவும் பத்து நிகழ்வுகளுள் தீவிபத்து, இறுதிச்சடங்கு ஆகிய இரண்டைத் தவிர ஏனைய எட்டிலும் உறவறுத்தல் என இப்பெயருக்கு விளக்கம் கூறப்படுவதுண்டு. இது பழங்காலத்துடன் ஒழிந்த வழக்கமன்று. 1952இல் ஷிசுவோகா மாநிலத்தின் ஊவேனோ கிராமத்திலே, தேர்தல் மோசடியைப் பத்திரிகைக்கு எழுதித் தெரிவித்த உயர்பள்ளி மாணவி ஒருவரின் குடும்பம் இவ்வாறு ஒதுக்கப்பட்டமை நாடெங்கும் பேசப்பட்டது. மறு ஆண்டிலேயே அது திரைப்படமுமாயிற்று. மக்களாட்சி அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஐந்தாண்டுகள் கழிந்திருந்த வேளை அது.

நாவலில் ஹோஜோ பெற்றோர் 1980இல் மலைப்பாறையிலிருந்து வீழ்ந்து மடிகின்றனர். அணைத் திட்டமும் கைவிடப்படுகிறது. பகைமைக்குரிய காரணம் போயிற்று, பகைமை போகவில்லை. எஞ்சியிருக்கும் சிறுமி சத்தோகோவை ஊர் முதியோர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இதனைப் பின்னர் ஆசிரியர் அவிழ்க்கும் முறை வியப்பளிப்பது. ஊரின் அதிகாரம் மிக்க சொனொசாகி குடும்பமே கொலைகளின் பின்னால் இருக்கிறது என எல்லோரும் நம்புகின்றனர். அக்குடும்பமோ எதுவும் செய்யவில்லை. செய்ததாகப் பிறர் எண்ணுவதால் விளையும் அச்சத்தை அது விரும்பி, வாய்மூடி இருந்தது. ஊரவர் சிறுமியை வெறுக்கவுமில்லை. மற்றையோர் வெறுப்பதாக எண்ணியதால் ஒவ்வொருவரும் ஒதுங்கி நின்றனர். எவரது உள்ளத்திலும் இல்லாத பகை, எல்லோரது நடத்தையிலும் இருந்தது. சமூகவியலார் நீண்ட நூல்களிற் கூறமுயலும் ஒன்றை இக்கதை ஒரு கடைத்தெருவின் மௌனத்திலே காட்டிவிடுகிறது.

யப்பானிய மர்மக்கதை மரபிலே சபிக்கப்பட்ட கிராமம் புதியதன்று. 1938 மே மாதத்தில் ஒகயாமா மாநிலத்து மலைக்கிராமம் ஒன்றில், காசநோயின் பொருட்டு ஊரவரால் விலக்கப்பட்டதாகக் கருதிய இளைஞன் ஒருவன் ஓரிரவில் முப்பது பேரைக் கொன்றான். போர்க்காலத்தில் அம்மாநிலத்திலே தஞ்சம் புகுந்து வாழ்ந்த யொக்கோமிசோ செய்ஷி, அந்நிகழ்வைத் தழுவி ‘யாத்சுஹாக்கா முரா’ என்னும் நாவலை 1949 தொடக்கம் எழுதினார். 1977இல் அது திரைப்படமானபோது ‘தத்தாரி’, அதாவது தெய்வ சாபம், என்ற சொல் நாடெங்கும் பரிகாசச் சொல்லாகவும் வழங்கலாயிற்று. யொக்கோமிசோவின் கிராமங்களுக்கு நகரிலிருந்து துப்பறிவாளர் வந்து மர்மத்தை விடுவிப்பார். கிராமம் இருள், நகரம் ஒளி. ‘ஹிகுராஷி’ இவ்வமைப்பைத் தலைகீழாக்குகிறது. நகரிலிருந்து வந்த கெய்ச்சியே கிராமத்தைப் பற்றிய தன் முன்முடிவுகளால் இருளைப் படைக்கிறான். மலையூர் என்றால் சாபமும் இரகசியமும் இருந்தே தீரும் என்பது அவன் முன்னர் வாசித்த கதைகளின் எச்சம். வாசகரும் அதே கதைகளை வாசித்தவர்தாம்.

இனி ஓவியத்திற்கு வருவோம். ‘ஹிகுராஷி’யின் பின்னணிகள் பெரும்பாலும் ஒளிப்படங்கள். ஷிராகாவா பள்ளத்தாக்கின் ஒகிமாச்சிக் குடியிருப்பிலும் பிறவிடங்களிலும் எடுக்கப்பட்ட படங்களை ஆசிரியர் கணனியிலே நிறம் மாற்றிப் பயன்படுத்தினார். கூப்பிய கரங்களைப் போன்று செங்குத்தாகச் சரிந்த வைக்கோற் கூரை வீடுகள், வயல், தூக்குப்பாலம், மலையின் விளிம்பு யாவும் உண்மை இடங்களின் சாயல்கள். அவற்றின்மீது நிற்கும் மனித உருவங்களோ பயிற்சியற்ற கையால் வரையப்பட்டவை. உருண்ட முகங்கள், கைகள் அளவிற் பெருத்து, விரல்கள் மாவுருண்டைகளாய்த் தோற்றும். முதற்பார்வையில் நகைப்புக்கிடமானவை. கலைத்திறனின்மை என்று இதனைத் தள்ளிவிடுவது எளிது. ஆசிரியர் வேண்டுமென்றே இவ்வாறு வரைந்தார் எனப் புகழ்வதும் மிகையே. இருந்த திறனைக்கொண்டு வரைந்தார். ஆயின் விளைவு ஆழமானது. இடம் ஐயத்திற்கிடமின்றி உண்மையாய் நிற்க, மனிதர்கள் அவ்விடத்தில் ஒட்டாது மிதக்கின்றனர். வயலை நம்பமுடிகிறது, தோழியை நம்பமுடியவில்லை.

முகங்களின் மாற்றம் இன்னொரு நுணுக்கம். ஒவ்வொரு பாத்திரத்திற்கும் சில நிலைகளே உள்ளன. நகைக்கும் ரேனாவை நூற்றுக்கணக்கான தடவை ஒரே வடிவிற் கண்டு பழகிய கண்ணுக்கு, ஒரு சொடுக்கில் அவளது விழி சுருங்கிக் குத்திட்டு நிற்கும் படம் தோன்றும்போது, வேறொருத்தி அங்கு வந்துவிட்டாள் என்றே படுகிறது. அசைவுப்படத்தில் முகம் படிப்படியாக மாறும்; இங்கே இடைநிலை இல்லை. இரு முகங்களுக்கிடையிலான அவ்வெற்றிடத்தை வாசகரின் அச்சமே நிரப்புகிறது. இசை சட்டென அறுந்து சில்வண்டின் கரைதல் மட்டும் எஞ்சுவது நூலிற் பலவிடத்தும் கையாளப்படும் உத்தி. அன்றியும், முதல் வெளியீட்டிலே கொலைகளுக்குத் தனிப்படம் ஒன்றேனும் வரையப்படவில்லை. எழுத்தும் ஓசையும் மாத்திரமே அவற்றைச் சொல்கின்றன. முதற் பாகத்தில் கெய்ச்சியின் உருவமும் திரையிலே தோன்றுவதில்லை. தன்னைத் தவிர ஏனையோர் முகங்களையே அவன் ஓயாது ஆராய்கிறான். அவனது முகம் அப்போது எவ்வாறிருந்தது என்பதைப் பார்க்க வழியில்லை.

அந்த வழியைத் திறந்துவிடுபவை பிற்பாகங்கள். முதல் நான்கு பாகங்கள் வினாக்கள். பின் நான்கும் விடைகள். ஒவ்வொன்றிலும் அதே 1983 யூன் மீண்டும் தொடங்குகிறது. அதே பிள்ளைகள், அதே விழா. ஒரு பாகத்திற் கொன்றவர் இன்னொன்றிற் கொல்லப்படுகிறார். ஒரே நிகழ்வைப் பலர் பலவாறு கூறுமாறு அமைத்தல் 1922இல் அகுத்தாகவா ரியுனோசுகே எழுதிய ‘யாபு நோ நாக்கா’ சிறுகதையால் உலகறிந்த முறையே. அங்கே உண்மை எது என்பது தீராது விடப்படும். இங்கோ உண்மை உண்டு. அதனைக் காண மறுத்தது எவ்வாறு என்பதே வினா. ஆறாம் பாகத்தில் ஐயத்தில் வீழ்பவள் ரேனா. அவளைத் தடுக்கப் போராடும் கெய்ச்சிக்கு, வேறொரு யூன் மாதத்தில் தான் செய்த கொலை திடீரென நினைவில் எழுகிறது. அன்று உருண்டைக்குள் இருந்தது ஊசியன்று. விளையாட்டுக்காக இட்ட காரச் சாறு. தன்னைக் குத்த வந்ததாக அவன் கண்ட ஊசிக்குழலும் எழுதுகோலே. தோழியர் அவன் வீட்டிற்கு வந்தது அவனைத் தேற்றுவதற்காக. மூன்றாண்டுகளுக்கு முன்னர் அக்காட்சியை வாசித்த ஒவ்வொருவரும் ஊசியைக் கண்டவர்களே. அவன் கண்ணீருடன் மன்னிப்புக் கேட்கும்போது வாசகருக்கும் அம்மன்னிப்பில் ஒரு பங்கு சேர்கிறது.

பெரும்பாலான காட்சி நாவல்களில் வாசகர் ஆங்காங்கே தெரிவு செய்து கதைப்போக்கை மாற்றலாம். ‘ஹிகுராஷி’யில் அதற்கு இடமில்லை. மாறாக, ஒவ்வொரு பாகத்தின் இறுதியிலும் பாத்திரங்கள் வேடம் களைந்த நடிகரைப் போல் கூடியமர்ந்து, கொலையாளி மனிதரா, தெய்வமா என விவாதிக்கின்றனர். அடுத்த பாகம் வரும்வரை வாசகரும் மாதக்கணக்கில் அவ்வாறே விவாதித்தனர். தெரிவு என்பது திரையிலிருந்து வாசகரின் சிந்தனைக்கு இடம் மாறிவிட்டது. 2007இல் விளையாட்டுப் பொறிக்கென வெளியிடப்பட்ட ‘மத்சுரி’ பதிப்பில் தெரிவுகள் சேர்க்கப்பட்டு, உருவங்களும் தேர்ந்த ஓவியரால் திருத்தமாக வரையப்பட்டன. பார்வைக்கு இனியதாயினும், தப்பமுடியாமையின் இறுக்கம் அதிலே தளர்ந்துபோயிற்று.

நூலின் உச்சம் ஏழாம் பாகத்திலே, கொலைக் காட்சி எதிலுமன்று, சிறுவர் நலப் பணியகம் ஒன்றின் வரவேற்பறையில் அமைகிறது. சத்தோகோ கொடிய மாமன் ஒருவனிடம் சிக்கித் துன்புறுகிறாள். மூன்றாம் பாகத்தில் இதே நிலையிற் கெய்ச்சி அம்மாமனைக் கொன்றான். அதனால் எவரும் மீளவில்லை. இம்முறை பிள்ளைகள் பணியகத்திற்குச் சென்று முறையிடுகின்றனர். அலுவலர் நடைமுறைகளைக் கூறி அனுப்பிவிடுகின்றனர். மறுநாள் இன்னும் சிலரைச் சேர்த்துச் செல்கின்றனர். அதற்கடுத்த நாள் மேலும் பலரை. ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்காகப் பேச முதியோர் தயங்குகின்றனர். கெய்ச்சி சொனொசாகி மூதாட்டியின் முன்னே சென்று வாதிடுகிறான். ஈற்றில், அணையை எதிர்த்து அன்று திரண்ட அதே ஊர், அதே மனுவும் அதே திரட்சியுமாக, துரோகி என்று தான் தள்ளிய குடும்பத்தின் மகளுக்காகப் பணியகத்தின் வாயிலில் நிற்கிறது. போராட்டத்தின் கருவிகள் அப்படியே இருந்தன. அவை எவருக்காக எடுக்கப்பட்டன என்பது மட்டும் மாறிற்று. யப்பானிய வெகுசன இலக்கியத்தில், போருக்குப் பிந்திய கிராம எதிர்ப்பின் மரபை இவ்வளவு பரிவுடனும் இவ்வளவு கண்டிப்புடனும் எடைபோட்ட பக்கங்கள் அதிகமில்லை.

இதற்குப் பின்வரும் விளக்கங்கள் நூலின் தரத்தைத் தாழ்த்துகின்றன என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஊரவரின் ஐயநோய்க்கு ஒட்டுண்ணிக் கிருமி ஒன்று காரணமாக்கப்படுகிறது. இரகசிய ஆய்வு, தலைநகரின் சதி, ஆயுதம் தாங்கிய படை என எட்டாம் பாகம் சாகசக் கதையாக விரிகிறது. முழு ஊரும் ஓரிரவில் வாயுவால் மடியும் பேரழிவு, 1995ஐ மறவாத வாசகருக்கு வேறொரு நடுக்கத்தைத் தந்திருக்கலாம். ஆயினும், மனிதர் தம்முள் தாமே வளர்த்த ஐயத்தைக் கிருமியின் தலையிற் கட்டியமை, முன்னைய பாகங்கள் ஈட்டிய உண்மையை ஓரளவு விட்டுக்கொடுத்ததாகவே முடிந்தது. ஹோஜோ குடும்பத்தை ஒதுக்கியதற்கு எந்தக் கிருமியும் தேவைப்படவில்லை.

2006இல் தொலைக்காட்சித் தொடராகவும் ‘ஹிகுராஷி’ வெளிவந்தது. மறு ஆண்டு செப்டெம்பரில் கியோத்தோப் பகுதியில் நிகழ்ந்த குடும்பக் கொலை ஒன்றின் பின்னர், இரண்டாம் தொடரின் ஒளிபரப்பைச் சில நிலையங்கள் நிறுத்திவைத்தன. மூலத்தில் வரையப்படாதிருந்த குருதியைத் தொலைக்காட்சி வரைந்துகாட்டியிருந்தமையால், அதனை மட்டும் கண்டவர்கள் இது வன்முறைக் கதை என்று முடிவுகட்டியதில் வியப்பில்லை.

மிபோரோவிற்குக் கீழே, நீரிற் போகாது எஞ்சிய ஒகிமாச்சியில் 1971இல் ஊரவர் ஒரு சங்கம் அமைத்துத் தம் வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என உறுதி பூண்டனர். 1995இல் அக்குடியிருப்பு உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள ஷிராகாவா ஹச்சிமான் கோயிலில், நேர்த்தி எழுதித் தொங்கவிடும் மரப்பலகைகளிடையே, ‘ஹிகுராஷி’ வாசகர்கள் வரைந்து மாட்டிய ரேனாவின் முகமும் ரிக்காவின் முகமும் காற்றில் ஆடுவதைப் பயணிகள் கண்டுள்ளனர். பிள்ளைப்பேறும் உடல்நலமும் வேண்டிய பலகைகளுக்கு நடுவே அவையும் தொங்குகின்றன.